போர்வைக்குள் ஒரு பலகாரம்

நம் வீடுகளில் விருந்து நடக்கும்போது, அந்த விருந்து யாருக்கு என்று ஒரு கேள்வி எழுகிறது. வந்தவர்கள் உண்கிறார்கள். குழந்தைகள் உண்கிறார்கள். வாசலில் வண்டியோடு காத்திருக்கும் டிரைவரைக் கூட அழைத்து ஒரு தட்டு நிறையக் கொடுத்து விடுகிறோம். எல்லோரையும் அழைத்த இல்லத்தரசி மாத்திரம் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று கொண்டிருக்கிறாள். பெற்ற குழந்தைக்கு ஆரத்தி எடுக்கும் நேரத்தில் கதவோரமாக வந்து ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, பஜ்ஜி கருகுகிறதே!" என்று உள்ளே ஓடிப்போகும் தாயை நேயர்கள் எத்தனை வீடுகளில் கண்டிருப்பீர்கள்! விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு, "யார் யார் வந்திருந்தார்கள்?" என்று அவள் கணவனைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன், அமெரிக்காவில் உறவினர் வீட்டில் சில மாதங்கள் தங்க நேர்ந்தபோது, இதற்கு நேர் எதிரான காட்சியை நான் கண்டேன். அடுத்த வீட்டுச் சிறுவனுக்கு ஏழாவது பிறந்தநாள். இருபது குழந்தைகளும் அவர்களைக் கூட்டி வந்த பெரியவர்களுமாக வீடு நிறைந்திருந்தது. ஆனால் அந்த வீட்டு அம்மாள் கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து சாவகாசமாகப் பேசிக் கொண்டிருந்தாள். "இவள் சமைக்கவே இல்லையோ? கடையில் வாங்கியிருப்பாள்" என்று எனக்குச் சந்தேகம். அதற்குள் சமையலறையில் மணி ஒன்று கிணுகிணு என்று ஒலித்தது. அம்மாள் எழுந்து போனாள்; இரண்டு நிமிஷத்தில் ஒரு பெரிய தகரத் தட்டுடன் திரும்பி வந்தாள். தட்டு நிறையப் பொன்னிறத்தில் விரல் நீளச் சுருள்கள். ஒவ்வொரு சுருளின் இரு முனையிலும் ஒரு சிறிய ஸாஸேஜ் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் தட்டு காலி. கத்தி இல்லை, முள் இல்லை, கரண்டி இல்லை. மேஜை நாகரிகத்தில் பேர் போன அந்த ஜனங்கள், நம்மைப் போலவே கையால் எடுத்து வாயில் போட்டுக் கொண்டார்கள்!

அந்தப் பலகாரத்துக்கு அமெரிக்கர் வைத்திருக்கும் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். "போர்வைக்குள் பன்றிக்குட்டிகள்" என்பது அதன் பொருள்.

ஒரு தின்பண்டம், பல பெயர்கள்

கொத்திய இறைச்சியோடு உப்பும் மசாலாச் சாமான்களும் கலந்து, மெல்லிய குடல் தோலிலோ வேறு உறையிலோ அடைத்துச் செய்வது ஸாஸேஜ். அதைப் பிசைந்த மாவில் சுற்றிச் சூட்டடுப்பில் வேக வைத்தால் நமது பலகாரம் ஆகிவிடுகிறது. இவ்வளவு எளிய யோசனைக்கு ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியுமா? மேல்நாடுகளில் பல ஜாதியாரும் இதைத் தத்தம் வீட்டுப் பலகாரமாகவே கொண்டாடுகிறார்கள். தத்தம் பாஷையில் பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

ஜெர்மானியர் இதை "அங்கி அணிந்த ஸாஸேஜ்" என்கிறார்கள். காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் மேலே போட்டுக் கொள்ளும் தொளதொள அங்கியைத்தான் சொல்கிறார்கள். டென்மார்க்கில் இதற்கு "ஸாஸேஜ் கொம்பு" என்று பெயர். பின்லாந்துக்காரர் சூட்டிய பெயரில் ஒளிந்திருப்பது என்ற பொருள் தொனிக்கிறது. யூதர்களின் நாடான இஸ்ரேலில் பன்றி இறைச்சி மத விலக்கு. ஆகவே, அங்கே வேறு இறைச்சியால் செய்த ஸாஸேஜை மாவில் சுற்றி, "பேழைக்குள் மோசே" என்று அழைக்கிறார்கள். நைல் நதிக்கரை நாணலில் கூடைக்குள் கிடத்தப்பட்ட குழந்தை மோசேயின் கதையை எண்ணி வைத்த பெயர் அது. பன்றிக்குட்டியை வெளியேற்றிவிட்டுத் தீர்க்கதரிசியைக் குடியேற்றிய சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

இங்கிலாந்துக்குப் போனால் ஒரு குழப்பம் நேரும். அங்கே "போர்வைக்குள் பன்றிக்குட்டிகள்" என்று கேட்டால் மாவு இராது. பேக்கன் என்னும் உப்பிட்ட பன்றி இறைச்சிக் கீற்றைச் சுற்றிய சிறு ஸாஸேஜ்களைக் கிறிஸ்துமஸ் விருந்தின் பகுதியாகக் கொண்டு வந்து வைப்பார்கள். மாவில் சுற்றியது வேண்டுமானால் "ஸாஸேஜ் ரோல்" என்று கேட்க வேண்டும். பல அடுக்காக உதிரும் பஃப் பேஸ்ட்ரி மாவுக்குள் இறைச்சிப் பூரணத்தை நீளமாக வைத்துச் சுருட்டி வெட்டியது அது. நம் ஊர் பேக்கரிகளில் மாலை வேளையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுடச்சுட அடுக்கி வைக்கும் வெஜிடபிள் பப்ஸும் முட்டை பப்ஸும் அந்த மாவின் உறவினர்களே. இங்கிலீஷ்காரர் போன பிறகும் அந்த மாவு நம்மிடம் தங்கிவிட்டது. உள்ளே இருக்கும் மசாலா மட்டும் முற்றிலும் நம்முடையது.

ஹாலந்து தேசத்தின் தெற்கே பிரபாந்த் என்னும் பிராந்தியத்தில் இறைச்சிப் பூரணம் வைத்த ரொட்டியைக் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பிரார்த்தனை முடிந்து வீடு திரும்பியதும் குடும்பத்தோடு உண்பது பழைய வழக்கம். 2016-ஆம் ஆண்டில் அந்த ரொட்டியைத் தங்கள் நாட்டின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் டச்சுக்காரர்கள் சேர்த்துவிட்டார்கள்.

டெக்ஸாஸில் ஒரு பெயர்ச் சண்டை

இந்தப் பெயர் விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது டெக்ஸாஸ் மாகாணத்துச் செக் ஜாதியாரின் பிடிவாதந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பொஹீமியா, மொரேவியா என்னும் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான செக் குடியானவர்கள் கடல் கடந்து டெக்ஸாஸில் குடியேறினார்கள். அப்பொழுது அவர்களுடைய தாயகம் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தின் ஆட்சியில் இருந்தது. சுதந்திரத்தைக் கொண்டு வர முடியாதவர்கள் மாவு பிசையும் கையையாவது கொண்டு வந்தார்கள். நடுவில் குழித்துப் பழப்பாகோ, கசகசாவோ, பாலாடைக்கட்டியோ வைத்த இனிப்பு ரொட்டி அவர்களுடையது. அதற்குக் கொலாச்சி என்று பெயர்.

டெக்ஸாஸில் வெஸ்ட் என்றொரு சிற்றூர் உண்டு. வெஸ்ட் என்றால் மேற்கு என்று பொருளாயினும், ஊரின் பெயர் திசையைக் குறிப்பதன்று. ஒரு மனிதரின் பெயர் அது. செக் ஜாதியார் நிறைந்த அவ்வூரில் 1952-இல் தொடங்கிய ஒரு ரொட்டிக் கடையினர், கொலாச்சி மாவுக்குள் தங்கள் நாட்டு ஸாஸேஜை வைத்து மூடிச் சுட்டு விற்றார்கள். அதற்கு க்ளோபாஸ்னெக் என்று பெயர் வழங்கலாயிற்று. பண்டம் மாகாணம் முழுதும் பரவியது. ஆனால் பெயர் பரவவில்லை! கடைக்கு வரும் ஜனங்கள் இனிப்பானதையும் கொலாச்சி என்கிறார்கள், இறைச்சி வைத்ததையும் கொலாச்சி என்கிறார்கள். செக் பாட்டிமார்களுக்கு இது பொறுப்பதில்லை. "இனிப்பு வைத்தது கொலாச்சி, ஸாஸேஜ் வைத்தது க்ளோபாஸ்னெக்" என்று இன்றும் திருத்திக் கொண்டிருக்கிறார்கள்.

"ஒரு கவளத்துக்கு இவ்வளவு வாதமா?" என்று சிலர் நகைக்கலாம். நான் நகைக்க மாட்டேன். அயல் நாட்டில் பேரப்பிள்ளைகள் தாய்மொழியை மறந்து போகும்போது, கடைசியாக வீட்டில் மிஞ்சி நிற்பவை தின்பண்டங்களின் பெயர்கள் அல்லவா? அந்தச் சொல்லும் போனால் பிறகு என்ன இருக்கிறது?

டப்பாவுக்குள் மாவு

மேலே சொன்னவை எல்லாம் கை நோகப் பிசைந்த மாவின் கதை. என் அண்டை வீட்டு அம்மாள் இருபது குழந்தைகளுக்கு அவ்வளவு சுலபமாகப் பலகாரம் செய்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அவள் மாவைப் பிசையவே இல்லை, டப்பாவிலிருந்து எடுத்தாள்.

லூயிவில் நகரத்து ரொட்டிக்காரர் லைவ்லி வில்லோபி என்பவர், பிசைந்த மாவைக் கெடாமல் அட்டைக் குழாயில் அடைத்துக் குளிரில் வைத்திருக்கும் முறைக்கு 1931-இல் காப்புரிமை பெற்றார். மாவில் கலந்த சோடா உப்பும் புளிப்புச் சரக்கும் சேர்ந்து வாயுவை உண்டாக்கி உள்ளேயே நெருக்கிக் கொண்டிருக்கும். குழாயைத் தட்டியதும் "படக்" என்று வெடித்து மாவு வெளியே வரும். பின்னர் பில்ஸ்பரி கம்பெனியார் 1951-இல் அந்த வியாபாரத்தை வாங்கிக் கொண்டார்கள். 1965-இல் டப்பாவைப் பிளந்து கொண்டு குதித்து வரும் கொழுகொழு மாவுப் பொம்மை ஒன்றை விளம்பரத்தில் ஆடவிட்டார்கள். பிறை வடிவ ரொட்டிக்காக முக்கோணமாக வெட்டி வைத்த மாவு அந்நாட்டில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. அந்த முக்கோணமே சிறு ஸாஸேஜுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல் அமைந்துவிட்டது.

டப்பா கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? வீட்டிலேயே பிசையலாம். அதில் பிரமாத வித்தை ஒன்றும் இல்லை.

செய்முறை

முப்பத்திரண்டு சுருள்களுக்கு மைதா மாவு 250 கிராம், வெதுவெதுப்பான பால் 150 மில்லி, வெண்ணெய் 30 கிராம், உடனடி ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி எடுத்துக் கொள்ளவும். பால் விரலுக்கு இதமாக இருக்க வேண்டும். கொதிக்கும் பாலை ஊற்றினால் ஈஸ்ட் மாண்டு போகும், மாவும் எழும்பாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிஷம் நன்றாக அடித்துப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைக்கவும். சுமார் ஒரு மணி நேரத்தில் மாவு இரட்டிப்பாகும். குளிர் நாட்டில் இன்னும் சற்று நேரமாகும். நம் ஊர் வெயிலில் முன்னதாகவே பொங்கிவிடும். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட மாவைப் பார்ப்பதே உத்தமம்.

பிறகு மாவை இரண்டு உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் சுமார் 25 சென்டிமீட்டர் அகலத்தில் சப்பாத்தி போல் வட்டமாக இடவும். வட்டத்தை நடுவிலிருந்து பதினாறு முக்கோணங்களாக வெட்டவும். விரும்பினால் ஒரு துளி கடுகுச் சாந்தை மேலே தடவலாம்.

இனி, சிறு ஸாஸேஜ்கள் முப்பத்திரண்டு. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். உறையிலிருந்து எடுத்த ஸாஸேஜ் ஈரமாயிருக்கும். அப்படியே சுற்றினால் மாவு வழுக்கும். வெந்த பின் உள்பக்கம் களியாய் ஒட்டிக் கொள்ளும். ஆகவே ஒவ்வொன்றையும் சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். முக்கோணத்தின் அகன்ற ஓரத்தில் ஸாஸேஜை வைத்து, முனையை நோக்கிச் சுருட்டவும். முனை அடிப்பக்கம் அமர்ந்திருக்குமாறு தட்டில் அடுக்கவும். முனை மேலே இருந்தால் சூட்டில் சுருள் பிரிந்து, போர்வையை உதறிய குழந்தை போல் ஸாஸேஜ் வெளியே கிடக்கும். சுருள்களுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கால் மணி நேரம் வைத்திருந்து, மேலே பால் தடவி, எள் தூவி, 190 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் ஓவன் அடுப்பில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷம் வைத்தால் பொன்னிறமாகி விடும்.

விருந்து நாள் காலையில்தான் இவ்வளவும் செய்ய வேண்டும் என்பதில்லை. முதல் நாள் இரவே சுருட்டி, மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடலாம். விருந்தினர் செருப்பைக் கழற்றும்போது தட்டை அடுப்புக்குள் தள்ளிவிட்டுக் கூடத்துக்கு வந்துவிடலாம். பஜ்ஜியை நாம் நின்று காவல் காக்க வேண்டும்; இதற்கு அடுப்பே காவல்.

மரக்கறி உண்போருக்கு

"எங்கள் வீட்டில் இறைச்சி ஏறாதே!" என்று கூறும் நேயர்கள் பத்திரிகையை மூடிவிட வேண்டாம். போர்வை பொது, உள்ளே படுப்பவர் யார் என்பது அவரவர் இஷ்டம். வேல்ஸ் நாட்டார் பாலாடைக்கட்டி, லீக் என்னும் வெங்காய வகை, ரொட்டித் தூள் இவற்றைச் சேர்த்துப் பிடித்து இறைச்சியில்லாத ஸாஸேஜ் செய்கிறார்கள். இங்கிலாந்தில் பேர் பெற்ற கிரெக்ஸ் என்னும் ரொட்டிக் கடைக்காரர்கள் 2019 ஜனவரியில் இறைச்சியும் பாலும் முட்டையும் அறவே இல்லாத ஸாஸேஜ் ரோல் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் கடை வாசலில் கூட்டம் மொய்த்தது.

நம் வீட்டில், வேக வைத்து மசித்த உருளைக்கிழங்கோடு துருவிய பனீர், பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி, சிறிது ரொட்டித் தூள் சேர்த்து விரல் பருமனாக உருட்டி, தோசைக் கல்லில் புரட்டி எடுத்து ஆற வைத்துச் சுருட்டினால் முதல் தரமாக இருக்கும். சூட்டோடு சுருட்டினால் மாவு இளகி விடும், ஆறியிருப்பது அவசியம்.

சுலபம் வேறு, அஜாக்கிரதை வேறு

இவ்வளவு சுலபமான பலகாரத்தில் மூன்று இடங்களில் மட்டும் சோம்பல் கூடாது.

முதலாவது, வேக்காடு. டப்பாவிலும் உறையிலும் வரும் காக்டெயில் ஸாஸேஜ்கள் பெரும்பாலும் முன்பே வெந்தவை; உறையில் அவ்விதம் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பச்சை ஸாஸேஜாக இருந்தால் மாவு சிவந்துவிட்டது என்று மாத்திரம் திருப்தி அடையலாகாது. பன்றி, மாட்டிறைச்சியானால் நடுப்பாகம் 71 டிகிரியும், கோழி இறைச்சியானால் 74 டிகிரியும் எட்ட வேண்டும். முன்பே வேக வைத்து ஆற்றிச் சுற்றுவது இன்னும் பத்திரம்.

இரண்டாவது, மிச்சம். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்ததை உண்ணலாகாது. கோடையில் 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரமே கெடு. தினந்தோறும் உண்ணத்தக்க பண்டமும் அன்று இது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கிளை 2015-இல் வகைப்படுத்தியது. விருந்துப் பலகாரம் விருந்தோடு நிற்கட்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதைச் சொல்வதற்கு அந்தப் பிறந்தநாள் வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும்.

இரண்டாவது தட்டு வந்தபோது, பிறந்தநாள் சிறுவனின் தங்கை, மூன்று வயதுக் குழந்தை, கையை நீட்டியது. பக்கத்தில் இருந்த பாட்டி சட்டென்று அந்தச் சுருளை வாங்கிக் கொண்டாள். போர்வையைப் பிரித்தாள், ஸாஸேஜை ஒரு சிறு கத்தியால் நீளவாக்கில் இரண்டாக்கி, மறுபடி நான்காக்கி, பிறகு குறுக்கே பொடிப் பொடியாக நறுக்கினாள். குழந்தைக்கு வந்ததே கோபம்! அண்ணனுக்கு முழுதாகக் கொடுத்தார்கள், தனக்கு மட்டும் உடைத்துக் கொடுக்கிறார்கள் என்று வீடு அதிர அழுதது. "விசேஷ நாளில் குழந்தையை அழ விடலாமா? ஒன்றே ஒன்று முழுதாகக் கொடுத்தால் என்ன?" என்று நான் கூடச் சிபாரிசு செய்தேன்.

பாட்டி கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அழட்டும். அழுகிறாள் என்றால் மூச்சு விடுகிறாள்" என்றாள்.

பின்னர் விசாரித்தபோதுதான் அந்தச் சொல்லின் கனம் தெரிந்தது. ஸாஸேஜின் வட்டமான உருவமும் பருமனும் சிறு குழந்தையின் மூச்சுக் குழலுக்கு அளவெடுத்த மூடி போன்றவை. மிருதுவாக இருப்பதால் அழுந்திப் பொருந்தி அடைத்துக் கொள்ளும். குழந்தைகள் உணவு சிக்கி மூச்சடைத்து இறக்கும் சம்பவங்களில் மிக அதிகமாக அகப்படும் பண்டம் இதுவே என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் 2010-இல் எச்சரித்தது. இந்தப் பண்டத்தின் உருவத்தையே மாற்றியமைக்க வேண்டும் என்றும் கேட்டுக் கொண்டது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழு ஸாஸேஜும் கூடாது. வட்ட வட்டமாக அரிந்த வில்லைகளும் கூடாது. நீளவாக்கில் கீறிப் பொடியாக்கியே தர வேண்டும். உட்கார வைத்துத் தர வேண்டும். ஓடி விளையாடும் வாயில் திணிக்கலாகாது. இது நம் பூரணச் சுருளுக்கும், திராட்சைப் பழத்துக்கும், வேர்க்கடலைக்கும் கூடப் பொருந்தும்.

அன்றைய தினம் அந்த வீட்டு அம்மாளும் பாட்டியும் அடுப்பங்கரையில் நின்று எண்ணெயோடு போராடிக் கொண்டிருந்தால், கூடத்தில் அந்தச் சிறு கை நீண்டதை யார் பார்த்திருப்பார்கள்? இருபது குழந்தைகளின் ஆரவாரத்தில், வேறு எவரேனும் பிரியமாக ஒன்றை எடுத்துக் கொடுத்திருப்பார்கள், நானே கொடுத்திருப்பேன். சமையல் சுலபமாக இருந்ததால் மிஞ்சிய பொழுதை, அவர்கள் குழந்தைகளின் மேல் வைத்த கண்ணாக மாற்றிக் கொண்டார்கள். அதற்குத்தான் சுலபம் வேண்டும்.

குழந்தையின் அழுகை அதிக நேரம் நீடிக்கவில்லை. பாட்டி கழற்றிய மாவுப் போர்வையைத் தனியே எடுத்து, சிறு குல்லாய் போல் மடித்துக் கொடுத்தாள். குழந்தை அதைத் தலையில் வைத்துப் பார்த்தது, எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அதையும் தின்றுவிட்டது. அடுப்பு மணி மறுபடி ஒலித்தது. "நீங்கள் உட்காருங்கள், நான் எடுத்து வருகிறேன்" என்று இந்தத் தடவை நான் எழுந்தேன்.